காவல் நிலையத்தில் நாம் கேட்காமல் விட்ட காகிதம்

 

மார்க்கம் கற்பிப்பவன் கூறிய ஒரு தவறான ஆலோசனையைப் பற்றியது இக்கட்டுரை. அந்த ஆலோசனையைக் கூறியவன் நானே. ஓர் ஏழைக் குடும்பம் அதனால் ஏறக்குறைய நான்கரை மாதங்களை இழந்தது. அல்லாஹ் மன்னிப்பானாக. அந்தத் தவறு வேறொரு வீட்டில் நிகழாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கோட்டுச்சேரிமேட்டில் மாலை நேர மக்தபுக்கு வரும் என் மாணவன் ஒருவனின் தந்தை, மொபெட்டில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் தவணைக்கு விற்று வந்தவர். நம் பகுதியின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். வடக்கே சற்றுத் தூரம் சென்று நண்டலாற்றைக் கடந்தால் புதுச்சேரி ஒன்றியப் பகுதி முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் இருந்தனர். ஒருநாள் மஃரிபுக்குப் பின் வீடு திரும்பும்போது, ஆற்றுக்கு அப்பால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சரக்கு வேன் ஒன்று மோதி, மருத்துவமனையில் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உடற்கூறாய்வு முடிந்து உடலைப் பெறும்போது, காவலர் நீட்டிய காகிதத்தில் மைத்துனர் கையொப்பமிட்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர் படிக்கவில்லை. படிக்கும் நிலையிலும் அவர் இல்லை. மறுநாள் ழுஹருக்குப் பின் ஜனாஸா அடக்கம் செய்யப்பட்டது.

மூன்றாம் நாள் அந்த மைத்துனர் என்னிடம் வந்தார். “ஹஜ்ரத், ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்க வேண்டும் என்று கடைத்தெருவில் சொல்கிறார்கள். அக்கா கையெழுத்து வேண்டியிருக்குமாம். என்ன செய்வது?” என்று கேட்டார். “தம்பி, அக்கா இத்தாவில் இருக்கிறார். கத்ரில் உள்ளது நடந்துவிட்டது. சபூர் செய்யுங்கள். நான்கு மாதம் பத்து நாள் கழியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். அதைச் சொன்னபோது நல்ல வார்த்தை சொன்னதாகவே எண்ணினேன்.

இத்தாவும் ஆறு மாதக் கெடுவும்

எனக்குத் தெரியாத சட்டம் ஒன்று அப்போது ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சாலை விபத்தில் இறந்தவரின் குடும்பத்தார் விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. இத்தா முடிந்தபின் அந்தக் குடும்பத்துக்கு மீதமிருந்தவை ஐம்பது நாட்களுக்குச் சற்று மேல் மட்டுமே. (கெடுவைத் தவறவிட்டவர்கள் உரிமை போய்விட்டது என்று தாமாகவே கைவிட்டுவிட வேண்டாம். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. வழக்கறிஞரைக் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.)

சட்டம் அறியாதது ஒரு குறை. நான் கற்பிக்கும் மார்க்கத்தையே சரியாக எடுத்துச் சொல்லாதது அதைவிடப் பெரிய குறை. இத்தாவிலிருக்கும் விதவைப் பெண் தேவையை முன்னிட்டுப் பகல் நேரத்தில் வெளியே செல்லலாம் என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் விளக்குகின்றன. ஜாபிர் (ரலி) அவர்களின் தாயாருடைய சகோதரி தலாக் பெற்று இத்தாவிலிருந்தபோது, தம் பேரீச்சை மரங்களில் கனி பறிக்கச் செல்ல விரும்பினார். ஒருவர் அவரைக் கண்டித்தார். நபி (ஸல்) அவர்களோ அவருக்கு அனுமதி வழங்கினார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி. தன் மரத்துக் கனியைப் பறிக்கச் செல்வதற்கே அனுமதி உண்டென்றால், எத்தீம் பிள்ளைகளின் உரிமையைக் காக்கச் செல்வதற்குத் தடை எங்கிருந்து வரும்? அவர் நேரில் செல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வீட்டிலிருந்தபடியே அவர் கையொப்பமிட்ட கடிதத்தை மைத்துனர் கொண்டு சென்றிருக்கலாம். இவை எல்லாவற்றையும் நான் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். தேவைப்பட்ட நாளில் அது என் நினைவுக்கு வரவில்லை. காவல் நிலையம் என்ற சொல்லைக் கேட்டவுடன், நம்மில் பலரைப் போல நானும் அதைத் தள்ளிப்போடும் வழியையே தேடியிருக்கிறேன்.

எல்லைக்கு அப்பால் இருந்த நிலையம்

இத்தா முடிந்த வாரத்தில் மைத்துனரும் நானும் புறப்பட்டோம். வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்துக்கே செல்ல வேண்டும் என்று எண்ணியிருந்தோம். வழக்கறிஞர் ஒருவர் முதலிலேயே திருத்தினார். பதிவு இருப்பது குடும்பம் வசிக்கும் ஊரில் அன்று. சம்பவம் எந்த நிலையத்தின் எல்லையில் நடந்ததோ, அங்கேதான் அது இருக்கும். எனவே எங்கள் காகிதம் காரைக்காலில் இல்லை. 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறை மாவட்டத்தில் இருந்தது. ஆயினும் இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் இடத்திலுள்ள தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. ஆவணம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மனு ஆற்றுக்கு இந்தப் பக்கம். நம்மைப் போல் எல்லையோரத்தில் வாழ்பவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

நிலையத்துக்குள் செல்லும்போது எனக்கு நெஞ்சு படபடத்தது என்பதை மறைக்கவில்லை. தாடியும் தொப்பியுமாகச் சென்றால் எப்படி நடத்துவார்களோ என்ற எண்ணம் வழி நெடுகிலும் இருந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தவர் நடுத்தர வயதுடைய ஏட்டு. நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்ப்பவர். எல்லாரும் அவரை ‘ரைட்டர்’ என்று அழைத்தனர். “உட்காருங்கள் பாய், இவ்வளவு நாள் ஏன் வரவில்லை? இறந்தவர் வீட்டிலிருந்து யாராவது வருவார்கள் என்றுதானே இருந்தோம்” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அரை மணி நேரத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகல் கையில் இருந்தது. ஒரு ரூபாயும் செலவாகவில்லை. அது அவர் காட்டிய சலுகை அன்று, சட்டம் தந்த உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, புகார் கொடுத்தவருக்கு மட்டுமன்றிப் பாதிக்கப்பட்டவருக்கும் நகலைக் கட்டணமின்றி அளிக்க வேண்டும் என்கிறது. அச்சட்டத்தில் ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற சொல் அவருடைய சட்டப்படியான வாரிசுகளையும் உள்ளடக்கும். புகார் கொடுத்தவர் வழிப்போக்கராக இருந்தாலும், மனைவிக்கும் மக்களுக்கும் அந்த உரிமை உண்டு.

முதல் நாளே வீட்டிலிருந்தபடி கைப்பேசியிலேயே அதைப் பார்த்திருக்கவும் வாய்ப்பு இருந்தது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. இணைய வசதி குறைந்த இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துத் தேடலாம். ஆனால் தேட வேண்டும் என்பது நமக்குத் தோன்ற வேண்டுமே!

ஒரு பெயர், நான்கு எழுத்து முறை

நகலைப் படித்தபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. ஆதாரில் ‘முஹம்மது’, குடும்ப அட்டையில் ‘முகமது’, ஓட்டுநர் உரிமத்தில் ‘மொஹமத்’. முதல் தகவல் அறிக்கையில் அதுவும் இன்றி, வழிப்போக்கர் சொன்னபடி வெறும் வீட்டுப் பெயர். தந்தை பெயரின் முதலெழுத்தும் தவறு. அரபுப் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவரவர் விருப்பப்படி எழுதிப் பழகிய நம் சமுதாயத்துக்கு இது தீராத தொல்லை. “இவர்தான் அவர் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும்” என்றார் வழக்கறிஞர்.

முதல் தகவல் அறிக்கையை அடித்துத் திருத்த மாட்டார்கள், திருத்தவும் கூடாது. மனைவி அளிக்கும் கூடுதல் வாக்குமூலத்தில் சரியான பெயரையும், எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்பதையும் பதிவு செய்யும்படி எழுத்து மூலம் கேட்க வேண்டும். அடையாள ஆவணங்களின் நகல்களையும் இணைக்க வேண்டும். அதையே செய்தோம். மூன்றாம் நாளே நகலைப் பெற்றிருந்தால், இந்தத் திருத்தத்தை அந்த வாரத்திலேயே முடித்திருக்கலாம்.

கேட்டுப் பெறும் முறை

முதல் தகவல் அறிக்கை மட்டும் போதாது. விபத்து நடந்த இடத்தின் வரைபடம், வாகன ஆய்வாளரின் அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை, மோதிய வாகனத்தின் பதிவு மற்றும் காப்பீட்டு விவரம் ஆகியனவும் தேவை. வாகனத்தின் விவரத்தையும் காப்பீட்டாளரின் விவரத்தையும் இழப்பீடு கோருபவருக்கு அளிப்பது காவல்துறையின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 160ஆம் பிரிவு கூறுகிறது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, புலனாய்வு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கைகள் எந்த நிலையில் உள்ளன என்று கேட்பதும் நம் உரிமையே.

நாங்கள் எழுதிய கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. விண்ணப்பிப்பவர் யார், இறந்தவருக்கு என்ன உறவு, குற்ற எண், தேதி, சம்பவ இடம், வேண்டிய ஆவணங்கள் வரிசை எண்ணுடன், கீழே கையொப்பமும் முகவரியும். கோபமோ குற்றச்சாட்டோ கெஞ்சலோ அதில் இல்லை. இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் தேதியுடன் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொண்டோம். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும். முத்திரை பெற்ற பிரதி, கேட்டோம் என்பதற்கே சாட்சியாகும்.

பதினைந்து நாட்கள் ஆயின. “நாளை வாருங்கள்” என்ற பதிலே கிடைத்தது. யாரும் கடுமையாகப் பேசவில்லை, பணம் கேட்கவும் இல்லை. வேலை நகரவில்லை, அவ்வளவுதான். மீதமிருந்த நாட்களோ விரல் விட்டு எண்ணும் அளவை நெருங்கிக்கொண்டிருந்தன. அப்போது வழக்கறிஞரின் யோசனைப்படி, 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதி, 10 ரூபாய் கட்டணத்துடன் ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

இச்சட்டத்தைப் பற்றிச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஏன் கேட்கிறோம் என்ற காரணத்தை எழுத வேண்டியதில்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலாயின் 48 மணி நேரம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. பதில் வராவிட்டாலோ, மறுக்கப்பட்டாலோ 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன்பின் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்தை அணுகலாம். இங்கும் நண்டலாறு குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டுக் காவல்துறை தொடர்பாயின் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையம். காரைக்கால் காவல்துறை தொடர்பாயின், புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால், புது தில்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையம்.

“வழக்கு விசாரணையில் உள்ளது” என்று மட்டும் சொல்லி மறுத்தால் அதை முடிவாகக் கொள்ள வேண்டாம். தகவலைத் தருவது விசாரணைக்கு எவ்வாறு இடையூறாகும் என்பதை அலுவலர் விளக்க வேண்டும், விசாரணை நடக்கிறது என்பதே மறுப்புக்குப் போதிய காரணமாகாது என்று 2007இல் பகத் சிங் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

எங்களுக்கு அந்த அளவுக்குச் செல்ல வேண்டியிருக்கவில்லை. பதிவுத் தபால் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் முடியுமுன்பே நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆவணங்களைப் பெற்றுக்கொண்டு, ஆறு மாதக் கெடு முடிய நான்கே நாட்கள் இருக்கும்போது மனு தாக்கலாயிற்று. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி வழங்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்துள்ளது என்பதையும், அதற்கு 15100 என்ற உதவி எண் உள்ளது என்பதையும் அதன்பிறகே அறிந்தேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை. துஆ செய்யுங்கள்.

“இந்தப் பணம் நமக்கு வேண்டுமா ஹஜ்ரத்?”

மனு தாக்கலான அன்று மாணவனின் பாட்டியார் இப்படிக் கேட்டார். மகனின் உயிருக்கு விலை பேசுவதாக அவருக்குத் தோன்றியது. அந்தத் தயக்கத்தில் ஈமானும் இருந்தது, தாய்ப் பாசமும் இருந்தது. தவறுதலாக ஒருவர் கொல்லப்பட்டால் அவருடைய குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை வழங்கப்பட வேண்டும் என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில் அல்லாஹ்வே விதித்திருக்கிறான் என்பதை எடுத்துச் சொன்னேன். மன்னித்துவிடும் உரிமையும் அதே வசனத்தில் உண்டு. ஆனால் பெரியவர்கள் தம் பங்கை விட்டுக்கொடுக்கலாமே தவிர, பருவமடையாத எத்தீமின் பங்கை விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை. நாம் காட்டும் பெருந்தன்மை பிள்ளையின் செலவில் அமைந்துவிடக் கூடாது. அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “பையன் படிப்புக்கு என்று தனியாக வையுங்கள்” என்றார்.

கேட்கக் கூடாத பதிவு

இச்செய்தி பரவிய பின், வேறொரு சகோதரர் என்னைத் தேடி வந்தார். தம் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை மீது காவல் நிலையத்தில் ஏதேனும் பதிவு உள்ளதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுத் தர வேண்டும் என்றார். அவருடைய கவலை எனக்குப் புரிந்தது. ஆனால் மறுத்துவிட்டேன். பிறருடைய தனிப்பட்ட தகவலுக்கு அச்சட்டமே 8(1)(ஜே) பிரிவில் விலக்கு அளித்திருக்கிறது. துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. மாப்பிள்ளையிடமும் அவருடைய ஜமாஅத்தாரிடமும் முகத்துக்கு முகம் கேளுங்கள். சொல்ல மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்குப் போதுமான பதில் என்று கூறி அனுப்பினேன். நமக்கு உரிய பதிவைக் கேட்பது உரிமை. பிறருடைய குறையைத் தோண்டுவதற்கு அதே தாளைப் பயன்படுத்துவது அமானிதத்துக்கு மாறானது.

எழுத்தை மதிக்கும் மார்க்கம்

குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறியதோ பெரியதோ எழுதச் சோர்வடையாதீர்கள், எழுதத் தெரிந்தவர் மறுக்க வேண்டாம், அழைக்கப்பட்டால் சாட்சிகள் வர மறுக்க வேண்டாம், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யப்படக் கூடாது என்று அது அடுக்கிக்கொண்டே செல்கிறது. எத்தனையோ ஆண்டுகள் அதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். அந்த ரைட்டரின் மேசைக்கு முன் அமர்ந்திருந்தபோதுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது. நம் வீட்டுத் துயரத்தை யாரோ ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நாமோ அதைப் படித்துப் பார்க்கக்கூடச் செல்லவில்லை.

காரைக்கால்காரர்களுக்குக் காகிதத்தின் அருமை புதிதன்று. 1954 நவம்பர் 1 வரை இங்கு நடந்த பிரெஞ்சு நிர்வாகத்தின் பிறப்பு, திருமணப் பதிவுகளை இன்றும் பத்திரமாகப் போற்றிவைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பாஸ்போர்ட்டுக்கும் வளைகுடா வேலைக்கும் காவல்துறைச் சான்று வாங்க நாம் சிறிதும் கூசுவதில்லை. பயணத்துக்காகக் கேட்கும் நாம், நீதிக்காகக் கேட்க மட்டும் ஏன் அஞ்ச வேண்டும்?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற நபிமொழியின் கருத்தை நாம் அனைவரும் அறிவோம். அன்று நான் அந்த மைத்துனரிடம் தவக்குலை மட்டும் சொன்னேன், கயிற்றைப் பற்றிச் சொல்லவில்லை. இப்போது எங்கள் மக்தபில் பெரிய பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் விண்ணப்பம் எழுதக் கற்பிக்கிறேன். முதல் பாடமாக, தம் பெயரை எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்து முறையில் எழுதப் பழக்குகிறேன். அந்த மாணவனின் கையெழுத்துதான் வகுப்பிலேயே அழகானது.

உங்கள் வீட்டில் இப்படியொரு சோதனை நேர்ந்தால், அல்லாஹ் பாதுகாப்பானாக, ஜனாஸா முடிந்த வாரத்திலேயே ஒருவரை நிலையத்துக்கு அனுப்பி நகலைப் பெறுங்கள், பெயரைச் சரிபாருங்கள். “இத்தா முடியட்டும்” என்று எந்த ஹஜ்ரத்தாவது சொன்னால், இந்தக் கட்டுரையை அவரிடம் காட்டுங்கள்.

யா அல்லாஹ்! அந்த மனிதரின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக. அவருடைய பிள்ளைகளின் உரிமையை அவர்களிடம் கொண்டு சேர்ப்பாயாக. அறிந்ததை உரிய நேரத்தில் எடுத்துச் சொல்லும் தௌஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.